கடைசி ஆட்டத்தை நான் ஏன் இழுத்தேன்

எங்கள் பட்டாசுக் கம்பெனியின் கூடைப்பந்து அணி ஏன் கலைந்தது என்று சிவகாசியில் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். கடைசி ஆட்டத்தில் ஒருத்தன் விலை போய்விட்டான் என்பார்கள். மதுரை மில்காரர்கள் அவனுக்கு மில்லில் நிரந்தர வேலை தருவதாக ஆசை காட்டினார்களாம், அவன் கையில் இருந்த கோப்பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டானாம். அந்த ஒருத்தன் நான்தான்.

போன மாதம் உள்ளூர் விளையாட்டுக் குழுவைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். பழைய அணிகளைப் பற்றி ஒரு மலர் போடுகிறார்களாம். அணியில் யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே போய் ஆடினோம் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, எழுந்திருக்கும்போது ஒருவர் தயங்கித் தயங்கி அந்தக் கேள்வியையும் கேட்டுவிட்டார். நான் கோபப்படுவேன் என்று நினைத்திருப்பார் போலும். எழுதியே தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். முதலாளியும் போர்மேனும் காலமாகிவிட்டார்கள். கம்பெனியும் இன்று இல்லை. இனி இதனால் யாருக்கும் கெடுதல் வராது.

எனக்குச் சொந்த ஊர் ஆமத்தூர். கொஞ்சம் கரிசல் நிலம் உண்டு, மழை வந்தால் பருத்தி எடுப்போம். பள்ளியில் டிரில் மாஸ்டர் புண்ணியத்தில் கூடைப்பந்து கற்றேன். எஸ்.எஸ்.எல்.சி. தேறவில்லை. ஐம்பதுகளின் நடுவில் கம்பெனியில் சேர்ந்து, காகிதக் குழாய் சுற்றி, பெட்டி கட்டி, மூன்றாம் வருடம் பட்டாசு மருந்து கலக்கும் மருந்து அறைக்கு வந்தேன். அங்கே போர்மேன் மாடசாமி அண்ணாச்சி.

அண்ணாச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சட்டையில் பை இருக்காது. தையல்காரனிடம் சொல்லிப் பை வைக்காமலே தைத்துக்கொள்வார். பை இருந்தால் அதில் ஏதாவது கிடக்கும், கிடப்பது உரசும் என்பது அவர் கணக்கு. உரத்துப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. ஓடியும் பார்த்ததில்லை. மருந்து அறைப் பக்கம் ஓடுகிறவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

கம்பி மத்தாப்புக்கு மருந்து கூட்டுவது அவருடைய நேரடிப் பார்வையில் நடக்கும். பச்சை உப்பு என்று நாங்கள் சொல்லும் பேரியம் நைட்ரேட், அலுமினியப் பவுடர், காய்ச்சி ஆறவைத்த கஞ்சி, கடைசியில் ஒரு பிடி போரிக் பவுடர். இந்தப் போரிக் பவுடரால் மத்தாப்புக்கு வெளிச்சம் ஒன்றும் கூடாது. ஈர மருந்து தானாகச் சூடேறாமல் காப்பதுதான் அதன் வேலை. அது இல்லாவிட்டால், அதுவும் காற்றில் ஈரம் இருக்கிற நாளில், மருந்து உள்ளுக்குள்ளேயே சூடேறத் தொடங்கும். முதலில் நவச்சாரம் போல ஒரு நெடி வரும். பிறகு தொட்டி சுடும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று சொல்ல அருகில் இருந்தவர்கள் மிஞ்சுவதில்லை.

அதனால் மருந்து கூட்டி முடித்ததும் அண்ணாச்சி மரத்தொட்டியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். குனிந்து முகர்வார். வெளியே போய்க் கால் மணி நேரம் ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் முதலாளியே வந்தாலும் எழுந்திருக்க மாட்டார். மறுபடி வந்து அதே இடத்தில் புறங்கை. அதற்குப் பிறகுதான் ஈரச் சாக்கு போட்டு மூடச் சொல்வார்.

அணி முதலாளியின் ஆசை. மதுரையில் மில்லுக்கு மில் அணி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, பட்டாசுக்காரன் மட்டும் இளைத்தவனா என்று கேட்டு ஆரம்பித்தார். பள்ளியில் ஆடியவர்களாகப் பத்துப் பேரைப் பொறுக்கினார்கள். பேக்கிங் பகுதியில் இருந்த ராஜமாணிக்கம் கேப்டன். ஆறடிக்கு மேல் உயரம், கூடைக்குக் கீழே நின்றால் அவனைத் தாண்டிப் பந்து போகாது. நான் கார்டு. பந்தைக் கொண்டுபோய் அவனிடம் சேர்ப்பது என் வேலை. அவன் அம்மா எங்கள் கம்பெனியிலேயே குழாய் சுற்றினார்கள். முழங்கால் வாதம், சுவரைப் பிடித்துத்தான் நடப்பார்கள். பயிற்சி நாட்களில் நான் ஆமத்தூருக்குச் சைக்கிள் மிதித்துப் போய்த் திரும்ப முடியாது. அந்த வீட்டில்தான் சாப்பாடு. நாலு வருடம் அந்த அம்மா கையால் சாப்பிட்டிருக்கிறேன்.

சாத்தூரில் முதல் கோப்பை வாங்கினோம். லாரியில் காலி அட்டைப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து திரும்பி வந்தோம். மறுவாரமே முதலாளி, கம்பெனிக்குத் தெற்கே கிடந்த பொட்டலைச் சமன்படுத்திச் சொந்தமாக ஆடுகளம் போட உத்தரவிட்டார். அண்ணாச்சி போய் மறுத்துப் பேசினார். விளையாடுவது பற்றி அவருக்கு ஒன்றும் இல்லை, வேடிக்கை பார்க்க வருகிற கூட்டம்தான் வேண்டாம் என்றார். பொட்டலுக்கு மூன்று பக்கம் முள்வேலி. நாலாவது பக்கம் இருந்த ஒரே கேட்டுக்குப் போகும் வண்டிப்பாதை மருந்து அறையையும் மத்தாப்புக் காயவைக்கும் மேடையையும் ஒட்டிப் போனது. ஆட்ட நாளில் வேலையே நடக்காதே, அப்புறம் என்ன பயம் என்று முதலாளி கேட்டார். அண்ணாச்சி ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொல்கிறவர் இல்லை. திரும்பி வந்துவிட்டார்.

கடைசி ஆட்டம் அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு புரட்டாசி மாதம். எங்கள் களத்தில் நாங்களே நடத்திய போட்டி. இறுதி ஆட்டத்தில் எதிரே மதுரை மில் அணி. தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. அந்த வாரம் விட்டு விட்டு மழை. அன்றைக்கு அரை நாள் விடுமுறை விட்டிருந்தார்கள். ஆனால் மறுநாள் காலையில் கம்பி முக்க மருந்து தயாராக இருக்க வேண்டும் என்று உத்தரவு. ஆகவே காலையில் வந்து நான்தான் கூட்டினேன். கை மருந்தில் இருந்தது, மனம் ஆட்டத்தில் இருந்தது.

அண்ணாச்சி முதல் தடவை புறங்கை வைத்துப் பார்த்தார். சரி என்றார். கல்லில் போய் உட்கார்ந்தார். அப்போது முதலாளியே மருந்து அறைப் பக்கம் வந்துவிட்டார். மதுரையிலிருந்து விருந்தாளிகள் வந்தாயிற்று, கம்பெனியைச் சுற்றிக் காட்ட அண்ணாச்சி வேண்டும் என்றார். கால் மணி ஆகவில்லை என்று அண்ணாச்சி சொன்னார். பையன் பார்த்துக்கொள்வான் என்று என்னைக் காட்டினார் முதலாளி. முதலாளியின் அழைப்புக்கு அண்ணாச்சி அந்தக் கல்லை விட்டு எழுந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இரண்டாவது தடவை நான் கை வைத்தேன். சூடு இல்லை என்றுதான் தோன்றியது. சாக்கைப் போட்டு மூடிவிட்டு ஆட்ட உடுப்பு மாற்றப் போய்விட்டேன்.

நாலரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது. அப்படி ஒரு கூட்டத்தை அந்தப் பொட்டல் கண்டதில்லை. கம்பெனி ஆட்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், அச்சாபீஸ்காரர்கள், சாத்தூரிலிருந்து வந்தவர்கள் என்று முள்வேலி வரைக்கும் தலைகள். கேட்டுப் பக்கம் பெண்களுக்குப் பாய் விரித்திருந்தது. ராஜமாணிக்கத்தின் அம்மாவுக்கு மட்டும் முன்னால் ஒரு பலகை போட்டு உட்கார வைத்திருந்தான். இடைவேளையில் நாங்கள் எட்டுப் புள்ளி முன்னால் இருந்தோம்.

பானையில் தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி எப்போதும் நடக்கிற நடையில் வந்தார். என் தோளில் கை போட்டு, வாழ்த்துச் சொல்கிறவர் போலக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அந்தக் கை சில்லென்று ஈரமாக இருந்தது.

"செல்லையா, சிரிச்ச மூஞ்சியா வச்சுக்கிட்டுக் கேளு. தொட்டி சுடுது. நெடி வந்துருச்சு" என்றார்.

என்னால் சிரிக்க முடியவில்லை.

"போரிக் போட்டியாலே?"

"போட்டேன் அண்ணாச்சி."

"சரி. நானும் இன்னும் ரெண்டு பேரும் அள்ளித் தண்ணித் தொட்டியில கரைக்கப் போறோம். கொஞ்சங் கொஞ்சமாத்தான் அள்ளணும். ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் இந்தச் சனம் ஒண்ணும் எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சா அந்தப் பாதையிலதான் போகணும், பீடியப் பத்த வச்சுக்கிட்டுப் போவாக. நான் வந்து எல்லைக் கோட்டுக்கிட்ட நிக்கிற வரைக்கும் ஆட்டத்த முடிய விடாத."

கூட்டத்திடம் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனியில் ஒரு சாக்கு லேசாகப் புகைந்ததற்கு யாரோ 'தீ' என்று கத்தப் போய், கேட்டில் விழுந்து மிதிபட்டவர்களை நான்தான் தூக்கி வண்டியில் ஏற்றினேன். அன்றைக்கு இருந்தது நூறு பேர் கூட இல்லை.

ராஜமாணிக்கத்திடமாவது சொல்கிறேன் என்றேன்.

"ஒருத்தனுக்குத் தெரிஞ்சா போதும்" என்றார். வந்த நடையிலேயே திரும்பிப் போனார்.

களத்துக்குள் திரும்பி நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. போட்டேன் என்று சட்டென்று சொல்லிவிட்டேனே தவிர, போட்டது கண்ணுக்குள் வரவில்லை. பச்சை உப்பைச் சலித்தது தெரிகிறது. பவுடர் டின்னைத் திறந்தது தெரிகிறது. கஞ்சி ஊற்றிக் கிளறியது தெரிகிறது. போரிக் டப்பாவில் கை விட்டேனா? அந்த இடம் வெறுமையாக இருந்தது. இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

நடுவர் விசில் ஊதினார்.

எட்டுப் புள்ளி முன்னால் இருக்கிற அணி ஆட்டத்தை இழுக்க நினைத்தால், முன்னிலையைத் தொலைத்துச் சமன் செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது. சமன் ஆனால் கூடுதல் ஆட்டம் ஐந்து நிமிடம். அதுவும் சமன் ஆனால் இன்னொரு ஐந்து. பந்தை வேலிப் பக்கம் அடித்தேன், எடுத்து வரவே நேரம் ஆகும் என்று. ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன். ராஜமாணிக்கம் கை தூக்கி நிற்க, பந்தை வேறு பக்கம் வீசினேன். எட்டு ஆறாகி, நாலாகி, இரண்டானது. ஒவ்வொரு தடவை பந்தோடு திரும்பும்போதும் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே மருந்து அறையைப் பார்த்தேன். அண்ணாச்சி ஒரு மண்சட்டியை இரண்டு கையாலும் ஏந்தி அறையிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு நடப்பார். அடுத்தவர் நடப்பார். அதற்கடுத்தவர். ஓட முடியாத வேலை. முந்நூறு அடி தூரத்தில் மூன்று பேர் அப்படி நடந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் எல்லாரும் என்னைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசி அரை நிமிடம். இன்னும் இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். மில்காரன் ஒருத்தன் கூடைக்கு எழும்பினான், நான் வேண்டுமென்றே அவன் கையில் அடித்தேன். ஃபவுல். இரண்டு ஃப்ரீ த்ரோவையும் அவன் போட்டான். ஆட்டம் சமன்.

ராஜமாணிக்கம் என் பனியனைப் பிடித்து இழுத்து, உனக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டான். தலை சுற்றுகிறது என்றேன். அப்படியானால் வெளியே போய் உட்கார், வேறு ஆள் இறக்குகிறேன் என்றான். மாட்டேன் என்றேன். அவன் தோளுக்குப் பின்னால் அவன் அம்மா பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் மருந்து அறைக்கும் நடுவில் ஒரு வரிசைப் பாயும் அந்தக் கேட்டும்தான் இருந்தன. எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

முதல் கூடுதல் ஆட்டம் முடிய ஒரு சில விநாடி. மில் அணி ஒரு புள்ளி முன்னால். இந்தத் தடவை என்மேல் ஃபவுல், எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் விழுந்தால் கோப்பை எங்களுக்கு. மருந்து அறைப் பக்கம் பார்த்தேன். இன்னும் நடந்துகொண்டிருந்தார்கள். முதல் பந்தைக் கூடையில் போட்டேன். சமன். இரண்டாவது பந்தை வளையத்தின் விளிம்பில் அடித்தேன். நான் ஃப்ரீ த்ரோ தவறவிடுகிறவன் இல்லை என்பது அந்தக் களத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ராஜமாணிக்கத்துக்கு ரொம்பவே தெரியும். பந்து என் கையை விட்ட விதத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் என்னைப் பார்க்கவில்லை, பந்தும் கொடுக்கவில்லை.

மணி ஆறு தாண்டிவிட்டது. வெளிச்சம் போதாது, நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நடுவர் யோசிக்க ஆரம்பித்தார். கூட்டத்தில் சிலர் எழுந்து வேட்டியை உதறினார்கள். நான் நடுவரிடம் ஓடிப் போய் இன்னும் ஐந்தே நிமிடம், பந்து நன்றாகத் தெரிகிறது என்று கெஞ்சினேன். வேண்டுமென்றே தவறவிட்டவன் ஆட்டம் வேண்டும் என்று கெஞ்சுவதைப் பார்த்து மில்காரர்களே சிரித்தார்கள். நடுவர் சம்மதித்தார். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

இரண்டாவது கூடுதல் ஆட்டம் பாதி நடக்கும்போது அண்ணாச்சி கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முழங்கை வரைக்கும் வெள்ளி பூசியது போலப் பவுடர். என்னைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தார்.

அதற்குப் பிறகு நான் ஜெயிப்பதற்காக ஆடினேன். இதை யாரும் நம்ப மாட்டார்கள். கைக்கு வந்த பந்து நழுவியது. மூன்று புள்ளியில் தோற்றோம். கூட்டம் என்னைப் பார்த்து ஊளையிட்டுக்கொண்டே எழுந்து, அந்த வண்டிப்பாதை வழியாக, பீடி பற்றவைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போனது. ராஜமாணிக்கம் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனான். அந்த அம்மா மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்து, சாப்பிட வரவில்லையா என்பது போலக் கையைக் காட்டினார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

மறுநாள் காலை முதலாளி அறையில் அண்ணாச்சி நடந்ததைச் சொன்னார். நானும் நின்றேன். முழுக்கச் சொல்லிவிட்டு, "தப்பு என்னோடது மொதலாளி. ரெண்டாந்தடவ நான் கை வைக்கல" என்றார். என் பெயரை எடுக்கவில்லை. முதலாளி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். பிறகு, இது வெளியே போனால் லைசென்ஸ் போய்விடும், மருந்தை அள்ளிய இரண்டு பேரையும் சேர்த்து ஐந்து பேரோடு நிற்கட்டும் என்றார். அந்த வாரமே ஆடுகளத்தின் கம்பங்களைப் பிடுங்கச் சொன்னார். அணியையும் கலைத்தார். தோற்ற கோபத்தில் கலைத்தார் என்று ஊர் சொல்லிக்கொண்டது. முதலாளி மறுக்கவில்லை.

நானும் வாயைத் திறக்கவில்லை. கம்பெனியைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தேன் என்று இந்த மலரில் எழுதிக்கொண்டால் எனக்கு மரியாதையாக இருக்கும். அது முழு உண்மை இல்லை. உண்மை வெளியே வந்தால் மருந்து கூட்டியது யார் என்ற கேள்வியும் கூடவே வரும். விலை போனவன் என்ற பேர் அதைவிடத் தேவலை என்று இருந்தது. பின்னாளில் நான் அதே அறைக்குப் போர்மேன் ஆனேன். மருந்து கூட்டுகிறவன் ஒவ்வொரு பொருளையும் வாய்விட்டுப் பேர் சொல்லித்தான் போட வேண்டும், பக்கத்தில் நிற்கிறவன் 'ஆச்சு' என்று பதில் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தேன். பையன்கள் முதுகுக்குப் பின்னால் கேலி செய்தார்கள். நான் ஓய்வு பெறும் வரை அந்த விதியைத் தளர்த்தவில்லை.

ராஜமாணிக்கம் அந்தத் தீபாவளியோடு வேலையை விட்டுவிட்டு விருதுநகருக்குப் போனான். அண்ணாச்சி இறந்த பிறகு, ஒரு நாள் அவனைத் தேடிப் போனேன். ஒரு பருப்பு மண்டியில் குமாஸ்தாவாக இருந்தான். அவன் அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. என்னைப் பார்த்ததும் உள்ளே போகப் பார்த்தான். ஒரு பத்து நிமிடம் என்றேன். மூட்டை அடுக்கி வைத்திருந்த இடத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போரிக் பவுடர் போட்டது நினைவில் இல்லை என்பதையும் சொன்னேன். அதுவரை வேறு யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

அவன் கடைசியில் கேட்டான்: "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அண்ணாச்சி ஒருத்தனுக்குத்தான் தெரியணும்னாரு."

"அவரு சொல்லுவாரு. நீ எம்பக்கத்துலதான நின்ன, தலை சுத்துதுன்னு சொன்னியே, அப்பச் சொல்லியிருக்கலாம்ல."

இத்தனை வருடம் கழித்துப் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. "நீ ஓடிப்போயி அம்மாவத் தூக்கிருவன்னு பயந்தேன்" என்றேன்.

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "ஆமா. தூக்கியிருப்பேன். ஏன்னு எல்லாரும் கேட்டிருப்பாக. அம்புட்டுப் பேரும் ஓடியிருப்பாக" என்றான்.

பக்கத்து மூட்டையின் மேல் கையை ஊன்றிக்கொண்டான்.

"நீ விலை போகலைங்கிறது சரி. நான் அத இனிமே சொல்ல மாட்டேன், யாரு சொன்னாலும் விடமாட்டேன். ஆனா செல்லையா, தெரிஞ்சே எங்க அம்மாவ அங்கன உக்கார வச்சிருந்தியே."

அவ்வளவுதான் சொன்னான். பஸ் நிலையம் வரைக்கும் என்கூட நடந்து வந்தான். சிவகாசி பஸ் புறப்படும் வரை நின்றான். சொன்னபடியே, என்னைப் பற்றித் தப்பாகப் பேசிய இரண்டு பழைய ஆட்டக்காரர்களிடம் அவன் சண்டைக்கே போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் அவன் மகள் கல்யாணத்துக்கு அணியில் மிஞ்சியிருந்த எல்லாருக்கும் பத்திரிகை வந்தது, எனக்கு வரவில்லை.